திருகோணமலையில் வார இறுதிச் சந்தை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடமாற்றத்தில் வந்து உவர்மலையில் வீடு எடுத்திருக்கும் அலுவலகத்தார், கொழும்பிலிருந்து வரும் சொந்தக்காரர், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து நிலாவெளிப் பக்கம் தங்கும் பிள்ளைகள் என்று எல்லாரும் சனி, ஞாயிறு வந்தால் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான். எத்தனை மணிக்குப் போவது, என்ன வாங்குவது, எவ்வளவுக்குக் கேட்பது, மீன் நல்லதா? இனி ஆளுக்கு ஆள் சொல்லாமல் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நகரத்து மீன், மரக்கறிச் சந்தை, அதைச் சுற்றி வெளியில் சாக்கு விரித்து நடக்கும் வியாபாரம், மாவட்டத்தின் மற்ற ஊர்களில் கிழமைக்கு ஒருநாள் கூடும் சந்தை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

சந்தைக்கு எத்தனை மணிக்குப் போனா நல்லது?

விடிய ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில். இரவு தொழிலுக்குப் போன வள்ளங்கள் விடியத்தான் கரைக்கு வரும். தோட்டக்காரர் முதல் நாள் பின்னேரம் பிடுங்கிய மரக்கறியோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அந்த இரண்டு மணித்தியாலத்தில்தான் சாமானும் திறம், தெரிவும் அதிகம்.

பத்து மணிக்குப் பிறகு வெயில் ஏறிவிடும். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் கீரை கண் முன்னாலேயே வாடும். மரக்கறியை மட்டும் மலிவாக வாங்க நினைப்பவர்கள் கடை கட்டும் நேரத்துக்குப் போகலாம். மீனுக்கு அந்த நேரம் வேண்டாம். காரணத்தை மீன் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எந்தக் கிழமை எந்த ஊரில சந்தை எண்டு எப்படித் தெரிஞ்சுகொள்றது?

நகரத்தில் தினமும் வியாபாரம் உண்டு, வார இறுதியில் வெளிவியாபாரிகள் வந்து சேர்வதால் கூட்டமும் சாமானும் பெருகும். கிழமைச் சந்தை ஊருக்கு ஊர் வேறு நாளில் கூடும். இடத்தை உள்ளூராட்சி சபை குத்தகைக்கு விட, குத்தகைக்காரர் ஒவ்வொரு வியாபாரியிடமும் இடத்துக்குரிய காசு வாங்குவார். நாள், நேரம் அந்த ஊர்க்காரருக்கு அத்துப்படி. அந்தப் பாதையில் ஓடும் பஸ் கொண்டக்டரிடமோ பக்கத்துப் பலசரக்குக் கடையிலோ முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். போயா, பொங்கல், சித்திரை வருடப் பிறப்பு, பெருநாள் வரும் கிழமைகளில் நாள் முன்பின் ஆகலாம்.

ஞாயிற்றுக்கிழமை மீன் குறைவு எண்டு சொல்றாங்க, உண்மையா?

பெரும்பாலும் உண்மைதான். கத்தோலிக்க மீனவர் பலர் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் மீனவருக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ. சைவக்காரர் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுவதில்லை என்பதால் அன்றைக்கு மீன் கேட்பாரும் குறைவு, மரக்கறி விலை கொஞ்சம் ஏறும். இந்த ஊரில் மூன்று சமயத்தாரும் பிடிக்கிறார்கள், விற்கிறார்கள், சாப்பிடுகிறார்கள். ஆகவே கலண்டரைப் பார்த்தால் சந்தை எப்படி இருக்கும் என்று பாதி தெரிந்துவிடும்.

நிலவையும் பாருங்கள். பூரணைக் கிட்ட வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகும், பாடு (பிடிபடும் மீன்) குறையும், விலை கூடும். போயா தினத்தில் இறைச்சிக் கடையும் சாராயக் கடையும் பூட்டு. மீனுக்கென்றே வருகிறவர்களுக்குச் சனிக்கிழமை விடியற்காலையைத்தான் நான் சொல்வேன்.

காலைச் சாப்பாட்டைச் சந்தையிலேயே பார்த்துக்கொள்ளலாமா? என்ன இருக்கும்?

தாராளமாக. வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். முதல் தெரிவு அப்பம். ஒரு அகப்பை மாவை ஊற்றி, சட்டியின் இரு காதையும் துணியால் பிடித்து ஒரு சுழற்று, மூடி வைத்து எடுத்தால் ஓரம் பொரிந்து மெல்லிய சரிகை மாதிரி நிற்கும், நடுவில் பஞ்சாக இருக்கும். அதில் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டால் பாலப்பம். கட்டைச்சம்பலோடு வெறும் அப்பத்தை அடுப்படியில் நின்றே சாப்பிட வேண்டும். கட்டிக்கொண்டு போனால் பத்து நிமிடத்தில் துவண்டுவிடும், சுட்டவரின் கைப்பக்குவம் வீணாகும்.

இடியப்பத்துக்குச் சொதியும் தேங்காய்ச் சம்பலும், பிட்டுக்கு மீன்குழம்பு, ரொட்டிக்கு மாசிச் சம்பல். கையில் பிடித்துக்கொண்டு நடக்க உளுந்து வடை, கடலை வடை, றோல்ஸ். ஒன்பது மணிக்கு மேல் அவித்த சோளன், அவித்த கடலை, வறுத்த கச்சான், பொரித்த மரவள்ளிக்கிழங்கு வரும். இனிப்புக்கு தொதல், மஸ்கட், எள்ளுருண்டை. தொதலைக் கொஞ்சமாக வெட்டித் தரச் சொல்லி ருசி பார்த்துவிட்டு வாங்குங்கள். நல்ல தொதல் விரலில் ஒட்டாது, தேங்காயெண்ணெய் மணமும் கருப்பட்டி மணமும் சேர்ந்து வரும். சிக்கு மணம் வந்தால் பழசு.

வெயிலுக்கு இளநீர், மோர். பிள்ளைகள் கலர் சர்பத்தைப் பிடித்து இழுப்பார்கள், நான் இளநீர்ப் பக்கம்தான்.

வெளியில சாப்பிட்டா வயித்துக்கு ஒத்துக்கொள்ளுமா?

கண் முன்னால் சூட்டில் இறங்குவதைச் சாப்பிட்டால் பயமில்லை. அப்பம், வடை, சோளன், தேத்தண்ணி எல்லாம் அந்தக் கணக்கில் வரும். வெட்டி வைத்த அன்னாசி, மூடாமல் இருக்கும் தேங்காய்ச் சம்பல், ஐஸ் கட்டி போட்ட பானம் ஆகியவற்றில் கவனம். தேங்காய்ச் சம்பல் வெக்கையில் சீக்கிரம் புளிக்கும், ஆகவே பத்து மணிக்குப் பிறகு அதைத் தவிர்த்துக் கட்டைச்சம்பல் கேளுங்கள்.

எந்த மாசம் என்ன மலிவு?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். சந்தையில் உண்மையான மலிவைத் தருவது பருவம். வாயால் பேசி ஐம்பது ரூபாய் குறைக்கலாம். பருவத்தில் போனால் பேச்சே தேவையில்லை.

தையிலிருந்து பங்குனி வரை: மாரி மழையில் போட்ட சேனைப் பயிர்கள் வரும். சோளன், பூசணி, கெக்கரி, பயிற்றங்காய், கச்சான். பனங்கிழங்கும் அப்போதுதான். அவித்துக் கட்டாகக் கட்டி வைத்திருப்பார்கள். மாசி, பங்குனியில் தம்பலகாமம், கந்தளாய், மூதூர் வயல்களில் பெரும்போக அறுவடை, புது அரிசி வந்து சேரும். புது அரிசி தண்ணீரைக் குறைவாகத்தான் இழுக்கும், வழக்கமான அளவு வைத்தால் குழையும். பாற்சோற்றுக்கும் பொங்கலுக்கும் அதுதான் நல்லது. தினச் சோற்றுக்குப் பழைய அரிசி கேளுங்கள்.

சித்திரையிலிருந்து புரட்டாதி வரை கிழக்குக் கடல் அமைதி. மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் அந்தக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்க மீனவரும் இங்கே வந்து கரையில் வாடி (தற்காலிகக் குடிசை) போட்டுத் தொழில் செய்வார்கள். மீன் வரத்து கூடும், விலை இறங்கும். கருவாடு போடுவதும் அந்த வெயிலில்தான். கறுத்தக்கொழும்பான் மாம்பழம், காட்டிலிருந்து பாலைப்பழம், அதற்குப் பிந்தி நாவற்பழம் எல்லாம் இந்த மாதங்களுக்குள் வந்து போகும். பாலைப்பழத்தைக் கண்டால் அன்றைக்கே வாங்குங்கள், அடுத்த கிழமை இருக்கும் என்று சொல்ல முடியாது. வாயில் பிசின் ஒட்டும், அதற்காக விட்டுவிடாதீர்கள். நிலாவெளி, குச்சவெளி மணல் தோட்டத்துச் சின்ன வெங்காயமும் வறண்ட காலத்துச் சரக்கு. பிடியோடு கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். ஈரம் காயாத வெங்காயம் வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள், வீட்டில் அழுகியும் போகும்.

கார்த்திகை, மார்கழி வாடைக்காற்றும் மழையும். கடல் குழம்பும், மீன் விலை ஏறும். அந்த நாட்களில் குளத்து மீனும் கருவாடும் கைகொடுக்கும். மழை தொடங்கிவிட்டால் வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், முசுட்டை என்று கீரை வகை மட்டும் குறைவில்லாமல் வரும்.

கரட், போஞ்சி, லீக்ஸ் எல்லாம் இங்க விளைஞ்சதா?

இல்லை. அவை மலைநாட்டுச் சரக்கு, பெரும்பாலும் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து லொறியில் வருகிறவை. தம்புள்ளையில் விலை ஏறினால் இங்கேயும் ஏறும், வியாபாரியிடம் சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை. உள்ளூர்ச் சரக்கு என்றால் கத்தரி, வெண்டி, பயிற்றங்காய், பாவற்காய், புடோல், பூசணி, முருங்கைக்காய், மரவள்ளி.

விலை பேசலாமா? பேசினா கோவிப்பாங்களா?

பேசலாம், எங்கே என்று தெரிந்து பேசுங்கள். உடுப்பு, பாத்திரம், பிளாஸ்டிக், செருப்பு, விளையாட்டுச் சாமான் எல்லாவற்றிலும் பேரத்துக்கு இடம் வைத்தே விலை சொல்வார்கள். மீனில் கொஞ்சம் குறையும், முழு மீனாக எடுத்தால் இன்னும் குறையும். மரக்கறியில் நாலைந்து வகையை ஒரே ஆளிடம் எடுத்துவிட்டு, மொத்தத்தில் சில்லறையை விடச் சொன்னால் முகம் கோணாமல் விடுவார்கள், மேலே ஒரு பிடி கறிவேப்பிலையும் ரம்பையும் வைப்பார்கள்.

அப்பத்துக்கும் வடைக்கும் பேரம் இல்லை. சாக்குத் துண்டில் நாலு கட்டு வல்லாரையும் ஒரு குவியல் தேசிக்காயும் வைத்துக்கொண்டு இருக்கும் வயதான அம்மாவிடம் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். விடிய நாலு மணிக்கு எழும்பிப் பறித்து, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்திருக்கிறவரிடம் பத்து ரூபாய் குறைத்து உங்களுக்கு ஆவது ஒன்றுமில்லை. அவருக்கு அது போக்குவரத்துக் காசு. இதை நான் மன்றாட்டமாகவே கேட்கிறேன்.

விலையைக் கேட்டு, குறைத்து, அவரும் சம்மதித்த பிறகு வாங்காமல் போவது சந்தையில் பெரிய மரியாதைக்கேடு. வாங்கும் எண்ணம் இல்லையென்றால் விலை மட்டும் கேளுங்கள், பேரத்தில் இறங்க வேண்டாம்.

எப்படிக் கூப்பிடுறது? எனக்குச் சிங்களமும் தெரியாது.

தமிழ் ஆட்களை அண்ணை, அக்கா, அம்மா, ஐயா, தம்பி, தங்கச்சி என்று வயதைப் பார்த்துக் கூப்பிடுங்கள். முஸ்லிம் வியாபாரிகளை நானா அல்லது காக்கா, பெண்களை ராத்தா. தடுமாறினால் அண்ணன், அக்கா எல்லாருக்கும் பொருந்தும். இளம் பொடியனானாலும் முன்பின் தெரியாதவரை "நீ" என்று பேசாதீர்கள்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். இங்கே சந்தையில் இருக்கிற பலருக்குத் தமிழும் சிங்களமும் வியாபாரத்துக்குப் போதுமான அளவு வரும். கந்தளாய்ப் பக்கத்திலிருந்து வரும் சிங்கள வியாபாரிகளும் விலையைத் தமிழிலேயே சொல்வார்கள். "கீயத?" என்று விலை கேட்கவும் "அடு கரன்ன" என்று குறைக்கச் சொல்லவும் தெரிந்தால் அவர்கள் முகம் மலரும்.

பலகையில 80 எண்டு போட்டிருந்தது, ஒரு கிலோவுக்கு 320 எடுத்தாங்க. இது ஏமாத்து இல்லையா?

பலகையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். 80 பெரிதாகவும் அதன் மூலையில் 250 கிராம் என்பது சிறிதாகவும் எழுதியிருக்கும். கால் கிலோ விலை போடுவது நாடு முழுக்க மரக்கறிக் கடைகளில் உள்ள பழக்கம், ஏனென்றால் பலர் கால் கிலோதான் வாங்குகிறார்கள். பச்சை மிளகாய், இஞ்சி, உள்ளி போன்றவற்றுக்கு 100 கிராம் விலையும் போடுவார்கள். நிறுக்க முதல் "கிலோ எவ்வளவு?" என்று வாய்விட்டுக் கேட்டால் குழப்பமில்லை. அந்த 250ஐ எழுதவே இல்லையென்றால் அது பிழை, அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

தராசு சரியா எண்டு எப்படிப் பார்க்கிறது? பிழையெண்டா யாரிட்ட சொல்றது?

தட்டு வெறுமையாக இருக்கும்போது தராசின் முகப்பில் பூச்சியம் காட்டுகிறதா என்று பாருங்கள். மீன் தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால் ஊற்றிவிட்டு வைக்கச் சொல்லுங்கள். வியாபாரத் தராசுகளை அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் சோதித்து முத்திரை இட வேண்டும் என்பது சட்டம். அந்த முத்திரை தராசில் இருக்கும். வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்ப்பதைவிட, சந்தேகம் வந்தவுடன் பக்கத்துக் கடையில் கேட்டு நிறுப்பது நல்லது. ஒருவரும் மறுக்க மாட்டார்கள்.

விலை காட்டாமல் விற்றாலும், கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்றாலும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை அது. கடையின் இடத்தையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

மீன் புதுசா பழசா எண்டு எனக்குத் தெரியாது. என்ன பார்க்கிறது?

கண், செவுள், சதை, மணம். கண் பளபளத்து வெளியே தள்ளி நிற்க வேண்டும், பாலடைந்து உள்ளே போயிருந்தால் விடுங்கள். செவுளைத் தூக்கிப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு, இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். மண்ணிறமானால் வேண்டாம். விரலால் அமத்தினால் சதை எழும்பி வர வேண்டும். கடைசியாக மணந்து பாருங்கள். புது மீனுக்குக் கடல் மணம், பழசுக்கு மூக்கைக் குத்தும் நெடி. செவுளைக் காட்ட மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

சூடை, நெத்தலி, காரல் போன்ற சிறு மீன்களுக்குக் கரைவலை மீனை விட்டால் வேறில்லை. சாம்பல்தீவு, நிலாவெளிக் கரைகளில் வலை இழுக்கும் நேரத்துக்குப் போனால் மணலிலேயே வாங்கலாம். குழம்புக்குப் பாரை, விளைமீன், பொரிக்க அறக்குளா, சொதிக்கு ஓரா, வறைக்குச் சுறா. கணவாய் வெள்ளையாக, தோல் புள்ளியோடு மினுங்க வேண்டும், இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் நேரம் கடந்தது. நண்டு கைக்குப் பாரமாகவும் உயிராகவும் இருக்கட்டும். பூரணை நண்டில் சதை இல்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், அந்த நாட்களில் நானும் வாங்குவதில்லை.

நிறுப்பது முழு மீனை. வெட்டிச் சுத்தம் செய்ய வேறு ஆள் இருப்பார், அவருக்குத் தனிக்காசு. தலையையும் சினையையும் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் போய்விடும். பிந்தி வாங்க வேண்டாம் என்று முதலில் சொன்னதற்குக் காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

சூரை சாப்பிட்டு முகம் சிவந்து உடம்பெல்லாம் கடிச்சுது. எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாதா?

மீன் வெயிலில் கிடந்திருக்கலாம். சூரை, கும்பளா, சாளை போன்ற கருஞ்சதை மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகும். சமைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவத்தல், கடி, தலையிடி, நெஞ்சு படபடப்பு வரும். மூச்சு இழுத்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பதினொரு மணிக்குப் பாதி விலைக்குத் தரும் சூரையை விட்டுவிடச் சொல்வது இதனால்தான்.

பேத்தை மீனை எவர் தந்தாலும், எப்படிச் சுத்தம் செய்தது என்று சொன்னாலும் சாப்பிடாதீர்கள். அதன் நஞ்சும் அடுப்பில் அழியாது, உயிரை எடுக்கும்.

கிண்ணியாத் தயிர் எண்டு சொல்லி எல்லாரும் விக்கிறாங்க. எப்படித் தெரிஞ்சு வாங்கிறது?

சட்டியைக் கொஞ்சம் சரித்துப் பாருங்கள். நல்ல எருமைத் தயிர் ஓடாது, சட்டி விளிம்போடு ஒட்டி நிற்கும். மேலே ஆடை தடிப்பாக, கொஞ்சம் மஞ்சள் பூத்து இருக்கும். கரண்டி போட்டால் வெட்டின இடம் அப்படியே நிற்கும். மண்சட்டி தயிரிலுள்ள தண்ணீரை இழுத்துக்கொள்வதால்தான் அந்த இறுக்கம் வருகிறது, ஆகவே சட்டியின் வெளிப்புறம் ஈரமாக இருந்தால் சந்தேகப்படாதீர்கள். மேலே பச்சைத் தண்ணீர் நிறைய நின்றால் புளித்துவிட்டது, அல்லது குலுங்கி வந்திருக்கிறது.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை இந்தச் சட்டிகளெல்லாம் பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் குடாவைக் கடக்க வேண்டும். இப்போது 396 மீற்றர் பாலத்தால் நேரே போய் அங்கேயே வாங்கலாம், விருப்பமென்றால் போங்கள், வழியும் அழகு. சந்தையில் வாங்கினால் எப்போது உறை ஊற்றியது என்று கேளுங்கள். நேற்றுப் பின்னேரம் என்றால் இன்றைக்குப் பதம். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோங்கள், தட்டில் வைத்தால் ஆடிக் கலங்கும். கித்துள் பாணி தனியாக வாங்க வேண்டும்.

காட்டுத்தேன் எண்டு போத்தலில விக்கிறாங்களே?

தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எதையும் நம்பாதீர்கள். சீனிப்பாகு கலந்த தேனும் அவற்றில் தேறிவிடும். தெரிந்த ஆள் மூலம் வந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் சின்னப் போத்தலோடு நிறுத்துங்கள்.

உடுப்பு, இரும்புச் சாமான் எல்லாம் வாங்கலாமா? நல்லதா இருக்குமா?

உடுப்புக் குவியலில் கார்மெண்ட்ஸில் மிஞ்சிய ஏற்றுமதிச் சரக்கு கிடைக்கும். தையல் பிரிந்திருக்கிறதா, சிப் வேலை செய்கிறதா, இரண்டு கையும் ஒரே நீளமா என்று வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள், திருப்பித் தரமுடியாது. பிளாஸ்டிக் வாளியின் காதைப் பிடித்து இழுத்துப் பாருங்கள்.

நான் விரும்பி வாங்கச் சொல்வது கைவேலைச் சாமான்: மண்சட்டி, சிரட்டை அகப்பை, பன்பாய், சுளகு, பனையோலைப் பெட்டி, தும்புத்தடி, கொல்லன் அடித்த கத்தி. மண்சட்டியை விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மொட்டைச் சத்தம் வந்தால் வெடிப்பு உண்டு.

பை தரமாட்டம் எண்டு சொல்றாங்க, காசு கேட்கிறாங்க. சரியா?

சரிதான். 2017 செப்ரெம்பர் 1 முதல் மெல்லிய பொலித்தீனுக்கும் லஞ்ச் சீற்றுக்கும் தடை. 2025 நவம்பர் 1 முதல் பிடியுள்ள பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கவும் கூடாது. வீட்டிலிருந்து இரண்டு துணிப்பையும், மீனுக்கு மூடியுள்ள ஒரு வாளியும் கொண்டு போங்கள்.

எங்கள் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. நகரத்துக்குள் புள்ளிமான்கள் திரிகின்றன. கோட்டைப் பக்கமும் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் மாடுகளோடு சேர்ந்து நிற்கும். சந்தைக் கழிவில் மரக்கறித் துண்டு தேடும்போது அதைச் சுற்றிய பொலித்தீனையும் விழுங்கிவிடுகின்றன. அது வயிற்றில் அடைத்துச் செத்த மான்கள் உண்டு. பிள்ளைகள் மானுக்குத் தீன் கொடுக்க ஆசைப்பட்டாலும் வேண்டாம், வாழைப்பழத் தோலைக்கூடப் பையோடு எறியாதீர்கள்.

கொழும்புக்கு மீன் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம். பாதையால் 260 கிலோமீற்றர் அளவு தூரம், ஆறு ஏழு மணித்தியாலம் எடுக்கும். குடலும் செவுளும் எடுக்கச் சொல்லி, தெர்மோகோல் பெட்டியில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ நொறுக்கிய ஐஸ் என்று மாறி மாறி அடுக்குங்கள். உருகிய தண்ணீர் மீனில் தேங்காமல் அடியில் ஒரு துளை இருக்கட்டும். இரவுப் பயணமென்றால் இன்னும் நல்லது. சூரை, கும்பளா வேண்டாம், பாரை, விளைமீன், அறக்குளா தாங்கும். அந்தத் தலையிடியே வேண்டாமென்றால் கட்டாக் கருவாடும் நெத்தலியும் வாங்குங்கள். கையில் உப்பு உதிராமல், நன்றாகக் காய்ந்து, மஞ்சள் அடிக்காமல் இருக்க வேண்டும்.

வெடி போட்டுப் பிடிச்ச மீனும் சந்தைக்கு வருதாமே. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வருகிறது, எங்கள் கடலின் பெரிய நோய் இது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டப்படி குற்றம். ஒரு வெடி குஞ்சையும் முட்டையையும் பவளப்பாறையையும் சேர்த்து அழித்துவிடும், வலைக்காரருக்கு அடுத்த வருடப் பாடு இல்லாமல் போகும்.

அடையாளம் வெளியில் தெரியாது, வெட்டும்போதுதான் தெரியும். வயிற்றுக்குள் இரத்தம் கட்டியிருக்கும், காற்றுப்பை கிழிந்திருக்கும், நடுமுள்ளு உடைந்து சதை முள்ளை விட்டுக் கழன்று வரும், தொட்டால் கொளகொளக்கும். கண்ணில் இரத்தம் பாய்ந்திருக்கலாம். இப்படிப்பட்ட மீன் கெதியில் பழுதாகும். வெட்டிக் கொடுப்பவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார், அவரைக் கேளுங்கள். கண்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த தடவை அந்தக் கடைக்குப் போகாதீர்கள். வாங்க ஆள் இல்லாத மீனைப் பிடிக்க ஒருவரும் வெடி எடுத்துப் போக மாட்டார்.

ஆமை முட்டை, மான் இறைச்சி, பவளம் எண்டு ரகசியமாக் கேட்டாங்க. வாங்கலாமா?

கூடாது. கடலாமைகளும் புள்ளிமானும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, வாங்குகிறவரும் மாட்டுவார். பவளமும் அப்படியே. பக்கத்தில் புறாத்தீவை 2003இல் தேசிய பூங்காவாக அறிவித்தது அந்தப் பவளப்பாறைகளுக்காகத்தான். சினையோடு இருக்கும் சிங்கி இறாலையும் வாங்காதீர்கள்.

சந்தையில வாங்கினா விளைவிச்சவருக்குத்தான் காசு போகுதா, இல்லாட்டி இடையில நிக்கிறவருக்கா?

இரண்டு வகையும் உண்டு. ஒரே பலகையில் கரட், கோவா, தக்காளி, அப்பிள் எல்லாம் ஒரே அளவில் அடுக்கியிருந்தால் அவர் தம்புள்ளையிலோ மொத்தக் கடையிலோ எடுத்து விற்கிற வியாபாரி. அவரும் விடிய விடிய லொறியோடு நின்றவர், அவரில்லாமல் இந்த ஊருக்குப் போஞ்சி வராது. கையில் இரண்டு மூன்று வகை மட்டும், சிறிதும் பெரிதுமாக, காம்பில் பால் காயாமல், கீரை வேரில் ஈரமண் ஒட்டியபடி வைத்திருந்தால் பெரும்பாலும் அவரே பயிரிட்டது. மீனில் இதைப் பிரித்தறிவது கடினம். கரைக்குப் போனாலொழிய நடுவில் சம்மாட்டியும் (வள்ளம், வலைச் சொந்தக்காரர்) ஏலக்காரரும் இருப்பார்கள். கடன் வாங்கி வலையும் இயந்திரமும் எடுத்த மீனவர் பலர், கடன் தந்தவருக்கே மீனைக் கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கிறார்கள்.

நேரே கேளுங்கள்: "அம்மா, இது உங்கட தோட்டமா?" ஓம் என்றால் எந்த ஊர், அடுத்த கிழமை என்ன வரும் என்றும் கேளுங்கள். சொல்லிவைத்தால் உங்களுக்கென்று மொளகாய்ப் பிஞ்சோ முருங்கையிலையோ எடுத்து வைப்பார்கள். அப்படி ஒருவரை ஒவ்வொரு கிழமையும் தேடிப் போனால், எது இன்றைக்குப் பறித்தது, எது முந்தாநாள் என்று அவரே பிரித்துச் சொல்லித் தருவார். சில்லறையாகவே கொண்டு போங்கள். காலை ஏழு மணிக்கு ஐயாயிரம் தாளை நீட்டினால் அவரிடம் மாற்ற இருக்காது.